தொலைந்தது வண்டி, தூக்கிக்கொண்டு போனது காலனிப் பையனை

பாலவனத்தம் மெயின் ரோட்டில் டீக்கடை ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு பைக் சில மாதங்களுக்கு முன்பு காணாமல் போனது. மறுநாள் இரவு, வண்டி நின்ற இடத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதற்காகக் காலனிப் பையன்கள் மூன்று பேரை விசாரணைக்கு என்று கூட்டிக்கொண்டு போனார்கள். சம்மன் கிடையாது, வீட்டுக்குத் தகவலும் கிடையாது. அம்மாக்கள் மூன்று பேரும் ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் விடிய விடியக் கிடந்தார்கள். மூவரில் ஒருவன் பாலிடெக்னிக் மாணவன், அடுத்த நாள் அவனுக்குப் பரீட்சை. அவன் எழுதவில்லை.

இரண்டாம் நாள் சாயங்காலம் மூன்று பேரிடமும் வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். நான்காம் நாள்தான் உண்மை தெரிந்தது. வண்டியை யாரும் திருடவில்லை. இரண்டு தவணை பாக்கி என்று நிதி நிறுவனத்தின் ஆட்கள் மாற்றுச்சாவி போட்டு எடுத்துப்போய், வேறொரு ஊரில் அவர்களுடைய யார்டில் நிறுத்தியிருந்தார்கள். வண்டியை எடுத்ததாக ஒரு கடிதத்தை இன்னொரு காவல் நிலையத்தில் கொடுத்தும் இருந்தார்கள். ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

போனைவிடக் காலனி பக்கத்தில் இருந்தது.

அந்தப் பையன்களிடம் இதுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. வெள்ளைத்தாளும் திரும்பி வரவில்லை. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வெள்ளைத்தாள்தான். வாகனத் திருட்டு, வழிப்பறி, கார் கடத்தல் என்று நாளிதழ்கள் எழுதும் குற்றங்களைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். நாம் பேசாத இடத்தில் நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

குற்றம் எப்படி நடக்கிறது?

முதலில் பொதுவான நிலவரத்தைப் பார்ப்போம். ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியை மிரட்டிப் பறிப்பதைக் 'கார்ஜாக்கிங்' என்கிறார்கள். 1991இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்துப் பத்திரிகை ஒன்று புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் அது. மறு ஆண்டு மேரிலாந்தில் பமீலா பாசு என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணின் காரைப் பறித்தவர்கள், அவரைச் சாலையில் இழுத்துச் சென்று கொன்றார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 1992இலேயே அங்கே நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. தென்னாப்பிரிக்காவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 20,000 அளவில் கார்ஜாக்கிங் வழக்குகள் பதிவாகின்றன. சிகாகோவில் 2019இல் 600 அளவில் இருந்த எண்ணிக்கை 2021இல் 1,800ஐத் தாண்டியது.

இந்தக் குற்றத்தின் போக்கைத் தொழில்நுட்பமும் சந்தையும் தீர்மானிக்கின்றன. உரிய சாவி இல்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் கருவி 1998 முதல் ஐரோப்பாவில் புதிய கார்களுக்குக் கட்டாயமானது. நிறுத்தியிருக்கும் காரைத் திருடுவது கடினமானதும், சாவியோடு இருக்கும் ஆளை மடக்குவது கூடியது. அமெரிக்காவில் சில கியா, ஹூண்டாய் மாடல்களில் இந்தக் கருவி இல்லை. 2021, 2022இல் அந்தக் கார்களை எடுப்பது சமூக ஊடகத்தில் சிறுவர்களின் விளையாட்டாகவே பரவியது. கருவியை வைக்காமல் மிச்சம் பிடித்தது கம்பெனி. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது கறுப்பினச் சிறுவர்களின் முகம்.

நம் நாட்டுக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனத் திருட்டுகள் பதிவாகின்றன. பெரும்பான்மை இருசக்கர வாகனங்கள். நகரங்களில் டெல்லியே முதலிடம். நம் சட்டத்தில் கார்ஜாக்கிங் என்று தனிக் குற்றம் இல்லை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டுக்கு 303, தட்டிப் பறிப்பதற்கு 304, கொள்ளைக்கு 309. நெடுஞ்சாலையில் பொழுது சாய்ந்து விடிவதற்குள் நடக்கும் கொள்ளைக்கு 14 ஆண்டுகள் வரை தண்டனை உண்டு.

அப்படி நெடுஞ்சாலையில் காரை மறிக்கிறவர்கள் யார்? 2024 ஜூனில் கோவை மதுக்கரைக்கு அருகில், கேரளத்துக்குச் சென்ற காரை ஒரு கும்பல் கார்களில் வந்து மறித்துத் தாக்கிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைதானவர்களில் ஒருவர் ராணுவ வீரர். இந்த மாதிரிக் குற்றத்துக்கு முதலில் சொந்தமாகக் கார்கள் வேண்டும். எந்தக் காரில் பணம் வருகிறது என்று துப்புச் சொல்ல ஆள் வேண்டும். பறித்ததை மாற்றச் சந்தையும் மாட்டினால் வாதாட வக்கீலும் வேண்டும். மானாவாரியில் ஒரு போகம் பருத்தியும் மக்காச்சோளமும் பார்த்துவிட்டு, மீதி நாள் கருவேலம் வெட்டவும் மில்லுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிற காலனியில் இதில் எது இருக்கிறது?

பைக் திருட்டும் தனி ஆள் வேலையாக முடிவதில்லை. எடுக்கிறவன் ஒருவன் என்றால், சேசிஸ் எண்ணை ராவுகிறவன், ஆர்சி புத்தகத்துக்கு ஏற்பாடு செய்கிறவன், உதிரியாகப் பிரித்து விற்கிறவன், தெரிந்தே வாங்குகிறவன் என்று சங்கிலி நீள்கிறது. பணமும் அந்தக் கடைசி ஆள்கள் வரை போகிறது. போலீஸ் பத்திரிகைக்குக் கொடுக்கும் புகைப்படத்தைக் கவனியுங்கள். பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையாக நிற்கும், பின்னால் முகத்தை மூடிய இரண்டு பையன்கள் நிற்பார்கள். வாங்கியவர் அந்தப் படத்தில் இருக்கவே மாட்டார்.

பறிகொடுப்பவர்களும் நாம்தான்

காலனிக்காரனுக்கு வண்டி எதற்கு என்று கேட்கிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். திருச்சுழி, காரியாபட்டி பக்கம் உள்ளூர்களுக்கு எத்தனை பஸ் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலை ஏழு மணி ஷிப்டுக்கு அருப்புக்கோட்டை மில் வாசலில் நிற்க வேண்டும். நிறைமாதக்காரியை ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கொத்தனார் வேலைக்கு விருதுநகர் போய்த் திரும்ப வேண்டும். இங்கே பைக் இல்லாதவனுக்கு வேலையே இல்லை.

அந்த பைக் திருடுபோனால் என்ன ஆகும்? நம் ஆட்களில் பெரும்பாலோர் போட்டிருப்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். அதில் திருட்டுக்கு ஒரு பைசா கிடைக்காது. முழுக் காப்பீடு போட்டிருந்தாலும் எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிறகு வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்றிதழும் வேண்டும். நம் ஆள் போய் நின்றால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, "பார்க்கிறோம், போ" என்பார்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் சொல்லி இத்தனை ஆண்டுகள் ஆகின்றன. வண்டி போய்விடும், தவணை போகாது. இல்லாத வண்டிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிற கூலித் தொழிலாளர்களை நாங்கள் களப்பணியில் சந்தித்திருக்கிறோம்.

ஆக, புகார் கொடுக்கப் போனால் நம் சொல்லுக்கு மதிப்பில்லை. மற்றவர் புகார் கொடுத்தால் நம் பிள்ளைகள் சந்தேக நபர்கள். ஒரே ஸ்டேஷனுக்கு இரண்டு வாசல்.

சீசிங் என்னும் பகல் வழிப்பறி

நம் வட்டாரத்தில் அசல் கார்ஜாக்கிங்குக்கு மிக அருகில் வருவது 'சீசிங்'தான். ஓடும் வண்டிக்குக் குறுக்கே நான்கு பேர் பைக்கை நிறுத்துவார்கள். ஒருவன் சாவியைப் பிடுங்குவான், ஒருவன் செல்போனில் படம் எடுப்பான். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியும் குழந்தையும் நடுரோட்டில் இறக்கிவிடப்படுவார்கள். கையில் தடி இல்லை, தாளொன்று இருக்கிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

தவணை கட்டாத வண்டியை நிதி நிறுவனம் ஒப்பந்தப்படி எடுப்பது திருட்டாகாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருப்பது உண்மை. ஆனால், அடியாட்களை வைத்து எடுக்கக் கூடாது, சட்ட வழியில்தான் எடுக்க வேண்டும் என்று 2007இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கும் பிரகாஷ் கௌர் என்பவருக்கும் இடையிலான வழக்கில் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான். ரிசர்வ் வங்கியும் வசூல் முகவர்களுக்கு விதிகளை வகுத்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது என்பது அதில் ஒன்று. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கில், தவணைக்காக எடுத்துச் சென்ற டிராக்டரின் சக்கரத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் நசுங்கிச் செத்தார். அதன் பிறகே மகிந்திரா பைனான்ஸ் நிறுவனம் வெளியாட்களை வைத்து வசூலிக்கவும் வண்டி எடுக்கவும் ரிசர்வ் வங்கி சில மாதங்களுக்குத் தடை போட்டது. ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், நம் வண்டியை நடுரோட்டில் பிடுங்கினால் அது 'சிவில் விவகாரம்'. "பைனான்ஸ்காரனோடு பேசிக்கோ" என்பார்கள். ஊருக்குள் இன்னொருவர் வண்டி காணோம் என்றால் அது உடனே கிரிமினல் விவகாரம், அன்றிரவே காலனிக்கு ஜீப் வரும்.

வண்டியில் ஏறுவதே குற்றம்

இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது? நம் மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பாலவனத்தம் என்றால் பாடப்புத்தகத்தில் வருவது ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர், 1901இல் மதுரையில் அவர் நிறுவிய நான்காம் தமிழ்ச் சங்கம். அது வரலாறுதான், மறுக்கவில்லை. அதே ஜமீன் மண்ணில் நம் தாத்தாக்கள் செருப்பைக் கையில் பிடித்து நடந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தெருவைக் கடந்ததும் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

1995 ஆகஸ்ட் 31இல் கொடியங்குளத்துக்குள் நூற்றுக்கணக்கில் புகுந்த போலீஸ் என்ன செய்தது? டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், பைக், டிராக்டர் என்று நம் மக்கள் உழைத்து வாங்கியவற்றைத் தேடித்தேடி உடைத்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றது ஆதிக்க சாதி. தென்மாவட்டங்கள் எரிந்தன. கடைசியில் அரசு அந்தப் பெயரோடு சேர்த்து எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிட்டது. ஒரு தலித்தின் பெயர் பஸ்ஸில் ஓடக் கூடாது என்பதற்காகத் தமிழ்நாடே பெயர்ப்பலகையை மாற்றியது.

பழங்கதை என்பார்கள். 2025 பிப்ரவரியில் பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில், புல்லட் ஓட்டிய ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். இந்தச் சாதியில் பிறந்துவிட்டு புல்லட் ஓட்டுகிறாயா என்று கேட்டு வெட்டியதாகப் புகாரில் இருக்கிறது. வண்டியைப் பறிக்கவில்லை, ஓட்டுகிற கையைப் பறிக்கப் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொது இடத்தில் ஒரு தலித்தோ பழங்குடியினரோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று ஒரு பிரிவே இருக்கிறது. இந்த நாட்டில் பைக் ஓட்டுவதற்கு ஒரு மக்களுக்கு மட்டும் நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் எழுத வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊரில் காலனிப் பையன் ஒருவன் புது வண்டியில் வந்தால், "ஏது வண்டி?" என்ற கேள்வி சும்மா வருவதில்லை. இவனிடம் இது இருக்கக் கூடாது, இருந்தால் திருடியதாகத்தான் இருக்கும் என்பதே அந்தக் கேள்வி.

சந்தேகம் என்ற பெயரில்

அந்தக் கேள்வி சீருடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சிகள் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் சென்னையில் ராத்திரி வாகனச் சோதனையில் ஆட்டோவை மறித்துப் பிடிக்கப்பட்டவர் விக்னேஷ். மெரினாவில் குதிரை ஓட்டிப் பிழைத்த 25 வயது தலித் இளைஞர். மறுநாள் பிணமானார். காவலர்களே கொலை வழக்கில் கைதானார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார். காரில் இருந்த நகை காணோம் என்ற ஒரு புகார் போதுமானதாக இருந்தது. அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது, சாவியை இன்னொருவரிடம் கொடுத்துத்தான் நிறுத்தச் சொன்னார் என்று செய்திகள் வந்தன. தனிப்படையின் அடியில் செத்துப்போனார். ஐந்து காவலர்கள் கைது, சி.பி.ஐ. விசாரணை எல்லாம் செத்த பிறகு.

செத்தால் செய்தியாகிறது. சாகாமல் திரும்பி வருகிறவர்கள் கணக்கில் இல்லை. முதல் முறை விசாரணை, இரண்டாம் முறை சந்தேகக் கேஸ், மூன்றாம் முறை பெயர் சரித்திரப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு எந்த வண்டி எங்கே தொலைந்தாலும் அவன் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். செப்டம்பர் 11 வந்தால் முன்னெச்சரிக்கைக் கைது. அதற்கு மேல் குண்டர் சட்டம். தடுப்புக் காவலில் வைக்கப்படுவோர் எண்ணிக்கையில் சமூகநீதி பேசும் நம் தமிழ்நாடு அண்மை ஆண்டுகளில் இந்தியாவிலேயே முன்னணியில் இருக்கிறது. வேலைக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள், கிடைக்காது. அந்த வெள்ளைத்தாள் எங்கே போய் முடியும் என்று இப்போது புரிகிறதா?

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. எளிய, பின்தங்கிய சமூகங்களில் பிறந்த காரணத்துக்காகவே அப்பாவிகள் பெயர் சரித்திரப் பதிவேட்டில் ஏற்றப்படுவதைப் பற்றி 2024 மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்து, எல்லா மாநிலங்களையும் கவனிக்கச் சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது.

இந்த வட்டாரத்து ஆதிக்க சாதி இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 1871இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டிய குற்றப்பரம்பரைச் சட்டத்தை உங்கள் பாட்டனார்கள் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஊரில் எது தொலைந்தாலும் அவர்களைத்தான் பிடித்தார்கள். ராத்திரி ஸ்டேஷனில் போய்ப் படுக்க வைத்தார்கள். 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்துச் செத்தார்கள். பிறப்பை வைத்து ஒருவனைத் திருடன் என்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே சந்தேகத்தை இன்று காலனியை நோக்கி நீட்டுகிறவர்கள் யார் பக்கம் நிற்கிறார்கள் என்று யோசியுங்கள்.

"உங்கள் ஆட்கள் திருடுவதே இல்லையா?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நேராகவே பதில் சொல்கிறோம். நம்மிலும் திருடுகிற பையன்கள் உண்டு. வண்டியை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் விட்டால் இரண்டாயிரம் என்று ஆசை காட்டப்பட்ட பையன்களோடு உட்கார்ந்து பேசியிருக்கிறோம். பள்ளியிலிருந்து நின்றவர்கள், போதைக்குப் பழகியவர்கள். அவர்களை நாம் மறைக்கப் போவதில்லை. வண்டியைப் பறிகொடுத்தவரும் கூலிக்காரர்தான். சட்டப்படி விசாரியுங்கள், ஆதாரம் இருந்தால் தண்டனை வாங்கிக் கொடுங்கள். நாம் கேட்பது இரண்டே: செய்தவனைப் பிடியுங்கள், தெருவைப் பிடிக்காதீர்கள். எடுத்தவனோடு நிறுத்தாமல், வாங்கி விற்றவனையும் பிடியுங்கள்.

ஆதாரம் தேடுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. டோல்கேட்டில் கேமரா இருக்கிறது, கடைகளில் இருக்கிறது. ஸ்டேஷனிலும் இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டி எண்ணைத் தட்டினால் விவரம் வருகிறது. இவ்வளவும் இருந்தும் விசாரணை லத்தியில்தான் தொடங்குகிறது என்றால் அதற்குப் பெயர் சோம்பல் மட்டுமல்ல, சாதி.

தோழர்கள் செய்ய வேண்டியவை

கோபத்தோடு முடித்தால் போதாது. இவற்றை நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள், படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வண்டி வாங்கினால் ஆர்சி, காப்பீடு, தவணை ரசீது மூன்றையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். நம் பையன்கள் மாட்டுவது பல நேரம் இதில்தான்.

வண்டி திருடுபோனால் சி.எஸ்.ஆரோடு திரும்பாதீர்கள். எஃப்.ஐ.ஆர். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அடுத்து மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அலைய வைக்க முடியாது. எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பெற்றாக வேண்டும்.

சீசிங் ஆட்கள் மறித்தால் அடையாள அட்டையும் நிறுவனத்தின் கடிதமும் கேளுங்கள், வீடியோ எடுங்கள். பலவந்தம் நடந்தால் உடனே 112க்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் எழுத்துப்பூர்வமான நோட்டீஸ் கேளுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இலவச வழக்கறிஞருக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழையுங்கள். எக்காரணம் கொண்டும் வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சாதியைக் காரணமாக வைத்துப் பொய்ப் புகார் கொடுத்து நம்மைச் சிக்க வைத்தவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே வழக்குத் தொடுக்க இடம் இருக்கிறது.

ஸ்டேஷனுக்குத் தனியாக எந்தத் தாயையும் அனுப்பாதீர்கள். படித்த இரண்டு பேர் கூடப் போய், உள்ளே போன நேரத்தைக் குறித்துக்கொண்டு நின்றாலே பாதி அடி குறைகிறது. நாங்கள் கண்கூடாகப் பார்த்த உண்மை இது.

பரீட்சையைத் தவறவிட்ட அந்தத் தம்பி மறுபடியும் எழுதப் போகிறான். அவனுடைய அப்பா கரிமூட்டம் போட்டுச் சேர்த்த காசில் முன்பணம் கட்டி ஒரு பழைய வண்டி வாங்கியிருக்கிறார். அவன் அதை மெயின் ரோட்டுக்குக் கொண்டுவராமல் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறான். ஏன்டா என்று கேட்டால், "எதுக்குண்ணே வம்பு" என்கிறான்.

அவன் மெயின் ரோட்டில் போக வேண்டும். அதுவரை அந்த வெள்ளைத்தாளைக் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே இருப்போம்.